மழைக்குப் பின் காட்டுக் காளான்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி கடைசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் போதும். பாலக்கோட்டிலிருந்து அஞ்செட்டி வரை யாராவது ஒருவர் கையில் காளானை வைத்துக்கொண்டு, "இது சாப்பிடுறதுதானே?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் நிறையப் பேசியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்ததை மட்டும் நம்பி எந்தக் காளானையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது உதவும்.

நம்ம பக்கம் காளான் எப்போது, எங்கே முளைக்கும்?

நம் மாவட்டங்களில் பெரும்பாலும் இலையுதிர் காடு. கோடையில் காய்ந்து கிடக்கும், மழை விழுந்ததும் உயிர் வரும். சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்தாலே கொஞ்சம் தலைகாட்டும். ஆனால் உண்மையான பருவம் ஆடியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும். நல்ல மழை பெய்து, மண் ஊறி, மறுபடி லேசாக வெயில் அடித்து, புழுக்கமாக இருக்கும் நாட்களில் காலையில் பார்க்கலாம்.

இடம் என்று பார்த்தால் கறையான் புற்றும் அதைச் சுற்றிய பத்திருபது அடியும்தான் முதலில். அப்புறம் மூங்கில் தூர், விழுந்து மக்கும் கட்டை, சாணம் கிடக்கும் மேய்ச்சல் தரை, தைல மரத் தோப்பு, வீட்டுப் பக்கம் வைக்கோல் போர், குப்பைமேடு. தளி, தேன்கனிக்கோட்டை, வத்தல்மலை மாதிரி குளிர்ச்சியான மேட்டுப் பகுதியில் வகைகள் கூடுதலாக இருக்கும். அரூர், ஊத்தங்கரை பக்கம் மழை விட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பார்க்கும் நாட்கள் குறைவு.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். மழையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் ஜப்பானில் காளான் கட்டைகளுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்ததில் விளைச்சல் கூடியிருக்கிறது. நம் புற்றுக்கும் அது பொருந்துமா என்பது வேறு கதை.

ஒரு காளானை அடையாளம் காண எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

எல்லோரும் பார்ப்பது குடையின் நிறத்தை. அதுதான் இருப்பதிலேயே குறைவாக உதவும் அடையாளம். மழையில் நனைந்தால் ஒரு நிறம், வெயிலில் காய்ந்தால் ஒரு நிறம். மொட்டில் உருண்டை, விரிந்தால் குடை, முற்றினால் தட்டு. ஒரே காளான் இரண்டு நாளில் மூன்று காளான் போலத் தெரியும்.

பார்க்க வேண்டியது அடியை. தண்டு மண்ணுக்குள் எப்படி முடிகிறது? கிழங்கு மாதிரி உப்பி இருக்கிறதா, கிழிந்த உறை ஒன்று கிண்ணம்போல் அதைச் சுற்றி நிற்கிறதா, வேர் மாதிரி நீண்டு கீழே போகிறதா, இல்லை சும்மா மொட்டையாக நிற்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் காளானைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் தண்டு மண் மட்டத்தில் ஒடிந்து, உயிரைக் காப்பாற்றக்கூடிய அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு சிறிய கத்தியோ தட்டையான குச்சியோ கொண்டு சுற்றி மண்ணைத் தளர்த்தி, முழுசாகத் தூக்குங்கள்.

அடுத்து குடையைத் திருப்பிப் பாருங்கள். கீழே விசிறி போல மடிப்பு மடிப்பாக இருக்கிறதா, சல்லடை மாதிரி ஓட்டைகளா? மடிப்பு என்றால் அதன் நிறம் என்ன, தண்டைத் தொடுகிறதா, கொஞ்சம் விலகி நிற்கிறதா? தண்டில் வளையம் உண்டா? வெட்டினால் சதை நிறம் மாறுகிறதா? வாசனை எப்படி? சுற்றி என்ன மரம், கீழே மண்ணா கட்டையா சாணமா? இவ்வளவும் பார்த்த பிறகு வித்துத்தூள், அதாவது மடிப்பிலிருந்து உதிரும் நுண்ணிய பொடி, எடுக்க வேண்டும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

புற்றுக் காளானை எப்படி உறுதிசெய்வது?

நம் பக்கம் மக்கள் தேடிப் போவது பெரும்பாலும் இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

புற்றுக் காளானைக் கறையான்தான் பயிர் செய்கிறது. கறையான் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, எச்சத்தைப் புற்றுக்குள் அறை அறையாக அடுக்கி, அதன்மேல் பூஞ்சையை வளர்க்கிறது. அந்தப் பூஞ்சை மக்கவைத்துக் கொடுப்பதுதான் கறையானுக்குச் சோறு. இந்த விவசாயம் ஆப்பிரிக்காவில் தொடங்கி ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மழை வந்து மண் நெகிழ்ந்ததும் உள்ளே இருக்கும் பூஞ்சை குடையாக வெளியே வருகிறது. அறிவியலில் இந்தப் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு) டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். தென்னிந்தியாவில் கிடைக்கும் டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்ற இனத்தை 1979இல் விவரித்துப் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன்.

தோண்டிப் பார்த்தால் இந்த உறவு கண்ணுக்கே தெரியும். மண்ணுக்கு மேல் தண்டு விரல் பருமன் இருக்கும். மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, கெட்டியாகி, வேர்போல நீளும். சில சமயம் ஒரு முழத்துக்கும் மேல் போகும். பொறுமையாகப் பின்தொடர்ந்தால் அது ஒரு சிறிய வெற்றிடத்தில் போய் முடியும். அங்கே பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் உதிரும் கடற்பஞ்சு மாதிரி ஒரு கூடு இருக்கும். அதன்மேல் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். அதுதான் கறையானின் வயல். ஒரு முறை ஒரே ஒரு காளானுக்கு இப்படித் தோண்டிப் பார்த்தால் போதும், மற்றவற்றுக்குப் பாதி ஆழம் போனாலே தெரிந்துவிடும். கூட்டைக் கலைத்துவிட்டால் அடுத்த ஆண்டு அங்கே எதிர்பார்க்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் தோண்டாதீர்கள். பூசை செய்யும் புற்றில் கத்தி வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை, ஊரே வந்துவிடும்.

குடையின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு முனை நிற்கும். மண்ணைத் துளைத்து வருவதற்கான முனை அது, தொட்டால் மற்ற இடத்தைவிடக் கெட்டியாக இருக்கும். மடிப்புகள் முதலில் வெள்ளை, முற்றினால் லேசான இளஞ்சிவப்பு. வித்துத்தூளும் வெளிர் இளஞ்சிவப்புதான். அடியில் கிண்ணம் இருக்காது.

வேர், கெட்டி முனை, இளஞ்சிவப்புத் தூள், கிண்ணம் இல்லாத அடி. இந்த நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். மூன்று இருந்து ஒன்று சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள். உதாரணமாக, கறையானோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், மண்ணில் புதைந்த கட்டையிலிருந்து நீளமான வேர் விட்டு வரும் காளான்களும் உண்டு. அவற்றின் குடை ஈரத்தில் வழவழவென்று இருக்கும், மடிப்புகள் இடைவெளி விட்டு நிற்கும், தூள் வெள்ளையாக விழும்.

புற்றின் மேலே முளைத்திருந்தால் அது புற்றுக் காளான்தானே?

இல்லை. புற்றின் மேல் போடாக்சிஸ் என்ற ஒன்றும் வரும். விரிக்காத குடை மாதிரி தண்டோடு ஒட்டி உயரமாக நிற்கும், செதில் செதிலாக இருக்கும், முற்றினால் உள்ளே கறுப்புப் பொடி. வறண்ட நிலத்தில் இது சாதாரணம். ராஜஸ்தானில் இளசாக இருக்கும்போது சமைக்கிறார்கள். நம் பக்கம் பழக்கமில்லாதவர்கள் அதைப் புற்றுக் காளான் மொட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கறையான் கைவிட்ட புற்றிலிருந்து கறுப்பு விரல்கள்போல நீட்டிக்கொண்டு வருவதும் ஒருவகைப் பூஞ்சைதான். பழைய புற்று என்பதற்கு அது நல்ல அடையாளம், சமையலுக்கு ஆகாது.

அரிசி இறைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக முளைக்கும் சின்னப் புற்றுக் காளானும் உண்டு, டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். சாப்பிடக்கூடியதுதான். ஆனால் பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பொடிக் காளான்களில் லெபியோட்டா என்ற பேரினம் இருக்கிறது. அதில் சில இனங்களில் ஈரலை அழிக்கும் நஞ்சு உண்டு. கூடை நிறைய அள்ளும்போது ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பத்து கெட்டது உள்ளே கலந்தாலும் தெரியாது.

அப்படியானால் எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

இரண்டைச் சொல்கிறேன். ஒன்று அடிக்கடி கண்ணில் படும், வயிற்றைப் புரட்டி எடுக்கும். இன்னொன்று அரிது, ஆளையே கொல்லும்.

முதலாவது குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ். புல்தரை, பள்ளி மைதானம், தோட்டம், மேய்ச்சல் நிலம் என்று மழைக்குப் பின் வட்டமாகவோ கூட்டமாகவோ வரும். பெரிய வெள்ளைக் குடை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக்கூட விரியும். குடைமேல் பழுப்புச் செதில்கள், நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் சிதறலாக. தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். பார்க்க அவ்வளவு அழகு, மணமும் நன்றாகத்தான் இருக்கும். உலகில் பல நாடுகளில் காளான் நஞ்சுக்கு அதிகமாகக் காரணமாவது இதுதான். இளசில் மடிப்பு வெள்ளையாக இருப்பதால் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முற்ற முற்றச் சாம்பல் கலந்த பச்சையாகும். வித்துத்தூள் எடுத்தால் பச்சை. குடைக்காளானில் பச்சைத் தூள் என்பது மிக அரிது என்பதால் இதைப்போல் எளிதாகப் பிடிபடும் காளானும் வேறு இல்லை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகும்.

இரண்டாவது அமானிட்டா. இது ஒரே காளான் இல்லை, பெரிய பேரினம். பல இனங்கள் மர வேரோடு உறவு வைத்து வாழ்பவை. உலகில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்கு இதில் ஒருசில இனங்களே காரணம். மொட்டாக இருக்கும்போது முழுக்க ஓர் உறைக்குள் முட்டை மாதிரி இருக்கும். வளரும்போது உறை கிழிந்து, அடியில் கிண்ணமாகத் தங்கும். தண்டில் பாவாடைபோலத் தொங்கும் வளையம், வெள்ளை மடிப்பு, வெள்ளைத் தூள். அடியில் கிண்ணம், மேலே வளையம், வெள்ளை மடிப்பு மூன்றும் ஒன்றாக இருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள் எந்த நிறமானாலும் சரி. வளையம் மழையில் உதிர்ந்துவிடலாம், அதனால் அது இல்லை என்பதை வைத்துத் தைரியம் கொள்ள வேண்டாம்.

வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. அதன் மொட்டும் முட்டை மாதிரிதான். ஆனால் வளையம் கிடையாது, முற்றினால் மடிப்பும் தூளும் இளஞ்சிவப்பு. வெளிநாட்டில் குடியேறிய ஆசியக்காரர்கள், ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து அமானிட்டாவைச் சமைத்துச் செத்துப்போனது நடந்திருக்கிறது. மொட்டிலேயே பறிப்பவர்களுக்கு மடிப்பின் நிறமும் தெரியாது, வளையமும் தெரியாது. காட்டில் முட்டை மாதிரி இருப்பது எதுவும் சமையலுக்கு வேண்டாம். நெடுக்காக இரண்டாக வெட்டிப் பார்த்தால் அமானிட்டா மொட்டுக்குள் குட்டிக் குடை கோடாகத் தெரியும்.

வித்துத்தூள் எடுப்பது எப்படி?

வீட்டிலேயே செய்யலாம், செலவில்லை. விரிந்த குடை ஒன்றைத் தண்டோடு சேரும் இடத்தில் வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு தாளை வைத்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி குடையை வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் கிண்ணத்தால் மூடிவிடுங்கள். மின்விசிறிக் காற்று படக்கூடாது என்பதற்குத்தான் கிண்ணம். ராத்திரி வைத்தால் காலையில் தாளில் மடிப்பு மடிப்பாகக் கோலம் விழுந்திருக்கும்.

வெள்ளைத் தூள் கறுப்புப் பாதியில் தெரியும், மற்ற நிறங்கள் வெள்ளைப் பாதியில். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒன்றாகத் தெரியும். தூள் விழவே இல்லையென்றால் குடை இளசு, அல்லது காய்ந்துவிட்டது. தூள் விழாத காளானுக்குப் பெயர் வைக்க முயல வேண்டாம்.

வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்கவைத்தால் கறுக்கும் என்கிறார்களே?

கறுக்காது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காளானின் கொல்லும் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. பூண்டு போட்டால் நிறம் மாறும், மஞ்சள் போட்டால் முறியும், புளித்தண்ணீரில் கழுவினால் போய்விடும், தோல் உரிந்தால் நல்லது, எல்லாமே பொய். அமானிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. வேகவைத்த தண்ணீரை வடித்து ஊற்றினாலும் போகாது.

இவற்றை நம்பிப் பல பேர் தப்பித்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் பறித்தது நல்ல காளான் என்பதால் தப்பித்தார்கள். காசுக்கு அதில் பங்கில்லை.

புழு இருக்கிறது, நத்தை கடித்திருக்கிறது. அப்போ விஷம் இல்லைதானே?

நத்தை, பூச்சி, அணில் எல்லாவற்றுக்கும் உடம்பு வேறு. மனிதனைக் கொல்லும் காளானை நத்தை கடித்துத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போகும்.

தொட்டாலே விஷமா?

இல்லை. எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். உள்ளே போனால்தான் ஆபத்து. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரியவர்கள் காட்டிக் கொடுத்ததை நம்பலாமா?

நம்பலாம், அந்த இடத்துக்கு. மேலகிரி அடிவாரத்தில் இருளர்கள், சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடிகள், ஆடு மேய்க்கும் தாத்தாக்கள் என்று பரம்பரையாகப் பார்த்தவர்களின் கண் எந்தப் புத்தகத்தையும்விட மேல். எந்தப் புற்றில் எந்த மழைக்கு எந்தப் பக்கம் வரும் என்றுகூடச் சொல்வார்கள். புற்றுக் காளான் அதே புற்றில் ஆண்டுதோறும் வரும் என்பதால் இது வீண் பேச்சு அல்ல. நல்ல புற்று எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் அறிவு அந்தக் காட்டோடு சேர்ந்தது. அஞ்செட்டியில் அத்தை காட்டியதை மனதில் வைத்துக்கொண்டு ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ பைன் மரத்தடியில் பறிக்காதீர்கள். அங்கே அமானிட்டா வகைகள் வேறு. சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட, கார்ட்டூனில் வருமே, அந்தக் காளான் நீலகிரியில் பைன் தோப்புகளில் இருக்கிறது.

"எங்க பாட்டி சாப்பிட்டாங்க" என்பது வேறு, "பாட்டி இதே காளானைக் கையில் எடுத்து, தோண்டிக் காட்டி, இதுதான் என்றார்கள்" என்பது வேறு. இரண்டாவதுதான் கணக்கில் வரும்.

செயலியில் படம் எடுத்தால் பெயர் சொல்லிவிடுகிறதே?

பேரினம் வரை சில சமயம் சரியாகச் சொல்லும். கூகுள் லென்ஸ் காட்டும் பெயரை வைத்து மேலே படிக்கத் தொடங்கலாம், ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் பதிவு போட்டால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். ஆனால் எந்தச் செயலிக்கும் மண்ணுக்குள் இருக்கும் கிண்ணம் தெரியாது, வாசனை தெரியாது. அது சொன்ன பெயரை வைத்துச் சமைப்பது சூதாட்டம்.

கட்டையிலும் மரத்திலும் முளைப்பவை என்ன?

தென்னை, புளி, புங்கன் அடியில் பழுப்புச் சிவப்பில், வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பாக விசிறிபோல நிற்பது கானோடெர்மா. கட்டை மாதிரி கெட்டி, சாப்பிட முடியாது. தென்னையில் இதைப் பார்த்தால் காளானை மறந்துவிட்டு மரத்தைக் கவனியுங்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் கண்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்றது இந்தப் பூஞ்சையால் வருவதுதான்.

காய்ந்த மாங்கிளைகளில் சாம்பல் நிறத்தில், கம்பளி போர்த்திய சின்ன விசிறிகள் இருந்தால் கீழே திருப்பிப் பாருங்கள். மடிப்பு ஒவ்வொன்றும் நெடுக்காக இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டு கிடந்து, மழை பட்டதும் விரியும். கையில் பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. மக்கிய குச்சிகளில் பொத்தான் அளவுக் கூடும், உள்ளே முட்டைகள் மாதிரி உருண்டைகளும் இருந்தால் அது பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி விழும் வேகத்தில் அந்த முட்டைகள் தெறித்துப் பரவும்.

சாணத்திலும் வைக்கோலிலும் காலையில் சாம்பல் தொப்பியாக நின்று, மாலைக்குள் மை மாதிரி உருகி வழிவது மைக்காளான். அதன் உறவுக்கார இனம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்.

தைல மரத் தோப்பில் பழுப்பு உருண்டைகள் மண்ணைப் பிளந்துகொண்டு கிடந்தால் அது மர வேரோடு சேர்ந்து வாழும் பிசோலித்தஸாக இருக்கலாம். உடைத்தால் உள்ளே பருப்பு பருப்பாக, பிறகு பழுப்புப் பொடி. மரத்துக்கு நல்லது, தட்டுக்கு வேண்டாம்.

மாந்தோப்பு, சாலையோரத்தில் கிடைத்தால் பறிக்கலாமா?

இனம் சரியாக இருந்தாலும் வேண்டாம். காளான் மண்ணில் உள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை நெடுஞ்சாலை ஓரம் லாரிப் புகை, ஓசூரில் தொழிற்சாலைப் பகுதி, மருந்தடித்த மாந்தோப்பு, ரோஜாத் தோட்டம். இந்த இடங்களில் பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்.

காட்டுக்குள் போய்ப் பறிக்கலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும், எதையாவது எடுத்து வருவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நம் இரண்டு மாவட்டங்களிலும் பரந்திருக்கும் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவேரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அங்கே விதிகள் இன்னும் கடுமை. காட்டில் வாழும் பழங்குடிகளின் உரிமை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் தனியாக வருகிறது. வெளியிலிருந்து போகும் நாம் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பட்டா நிலம், ஊர்ப் பொது மேய்ச்சல் தரை, தெரிந்தவர் தோட்டம் போதும்.

சட்டத்தைவிட யானை பெரிது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக்குக் கூட்டமாக வரும். காளானுக்கு நல்ல நேரமான விடியற்காலையில்தான் அவை வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும். கரடிக்கும் புற்று பிடிக்கும், கறையான் தின்ன வரும். புதிதாகக் குடைந்த புற்று, சுற்றி நகத் தடம் தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். புற்றுக்குள் கையை விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா, பாம்பு இருக்கும்.

சாப்பிட்டாச்சு, இப்போ வயிறு கலக்குது. என்ன செய்யணும்?

படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மீதியை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படிக்கலாம்.

போகும்போது சமைக்காத மிச்சக் காளான், தோல், தண்டுத் துண்டு, குழம்பு மிச்சம், ஏன் வாந்தியைக்கூட எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு புரட்டியது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், வேப்பிலை, நாட்டு மருந்து என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் வகை. வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, கண்ணில் நீர் வடிந்தால் அது வேறொரு நஞ்சு, மஸ்கரின். அதற்கு மருத்துவர்களிடம் அட்ரோபின் ஊசி இருக்கிறது. ஆனால் ஆறு மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் காலையில், தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு தொடங்கினால் அதுதான் மோசமானது. ஈரலைத் தாக்கும் நஞ்சு அப்படித்தான் தாமதமாக வேலை காட்டும். அதிலும் ஒரு வஞ்சகம் உண்டு: ஒரு நாளில் வாந்தி நின்று, கஞ்சி குடித்து, "சரியாப் போச்சு" என்று வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும்போது கை மீறிப் போயிருக்கலாம். வயிறு சரியானாலும் ஈரல் பரிசோதனை எடுக்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு வகை ஒரே குழம்பில் கலந்திருக்கலாம் என்பதால், சீக்கிரம் வாந்தி வந்தது என்பதை வைத்தும் தைரியமாக இருக்க முடியாது. சாப்பிட்டவர் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்களும் உடனே போக வேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்.

உறுதியாகத் தெரிந்த புற்றுக் காளான்தான். எப்படிச் சமைப்பது?

மதியத்துக்குள் சமைத்துவிடுங்கள். காலையில் பறித்தது சாயங்காலம் புழு வைத்துவிடும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்து அழுகும், துணியோ கூடையோ போதும். அடி மண்ணைச் சீவி, கழுவி, கையால் கிழித்து, நன்றாக வேகவிடுங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். மிளகு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்ட குழம்பும் ராகிக் களியும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

வாழ்க்கையில் முதல்முறை சாப்பிடுபவர் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். நல்ல காளானே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சின்னக் குழந்தைகளுக்குக் காட்டுக் காளான் வேண்டாம். முழுசாக ஒரு காளானைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருங்கள். ஏதாவது ஆனால் மருத்துவருக்குக் காட்ட அதுதான் இருக்கும்.

புற்றுக் காளானை வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியாது. கறையான் இல்லாமல் அதைக் காசாக்கும் அளவுக்கு வளர்க்க இன்னும் யாராலும் முடியவில்லை. சுவை பிடித்தால் பால் காளான் வளருங்கள். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும் என்பதால் நம் ஊருக்குப் பொருத்தம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரியிலும் போய்க் கேளுங்கள்.

தெரிந்தவர் ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்க வேண்டும். எப்படி எடுப்பது?

நான்கு படம். முளைத்த இடத்தில் சுற்றுப்புறத்தோடு ஒன்று. குடையின் மேல்பக்கம். குடையின் அடிப்பக்கம், மடிப்பு தெளிவாக. கடைசியில் மண்ணோடு தோண்டி எடுத்த முழுக் காளான், அடியைத் துடைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. வித்துத்தூள் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். எந்த ஊர், என்ன மரத்தடி, என்ன வாசனை என்று இரண்டு வரி எழுதுங்கள். மேலிருந்து குடையை மட்டும் எடுத்து அனுப்பினால், "ஆமாம், காளான்தான்" என்ற பதில்தான் வரும்.